மூலை உடையாத தகடு

சுள்ளி வீட்டுக் கணப்படுப்பு புகைந்தால் முதலில் இருமுகிறவள் நான்தான். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். சுவரின் மேல்பக்கம் ஒரு விரிசல் ஓடுகிறது. வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். அடுப்பின் சூடு சுவர் வழியாகக் கொஞ்சம் வருமே என்று தையல் மெஷினை அந்தச் சுவரை ஒட்டித்தான் போட்டிருக்கிறேன். சூடு வந்த காலமும் உண்டு. போன குளிருக்கு முந்தின குளிரிலிருந்து வருவது புகை மட்டும்தான். கல்யாணப் பெண்ணுக்குத் தைக்கக் கொடுத்த வெள்ளைத் துணியில்கூட வாடை ஏறிவிட்டது. யாருடைய வாயில் விழுவது நான்?

சுள்ளி என்பது அவள் அப்பா வைத்த பெயர். அவர் விறகுக்கடைக்காரர். மூத்தவள் ஒல்லியாக, விறைப்பாக, சட்டென்று பற்றிக்கொள்கிற சுபாவத்தோடு இருந்ததால் சுள்ளி. இளையவன் குட்டையாக, கனமாக, எதற்கும் அசையாமல் இருந்ததால் கட்டை. பெற்ற பிள்ளைகளைக் கடைச் சரக்காக்கிய மனிதர். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், கடை கட்டையிடம் வந்தது, பெயர் இரண்டும் தெருவின் வாயில் ஒட்டிக்கொண்டன. சுள்ளியின் வீட்டுக்காரர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர். எங்களுக்கு அவர் மீட்டர்காரர்.

அன்று காலை ஜன்னல் கண்ணாடியில் பனி பூத்துக் கிடந்தது. தண்ணீர்க் குழாயைத் திறந்தால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொட்டியது. நான் டீயை வைத்துக்கொண்டு விரலைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது சுள்ளி வந்து நின்றாள். மூக்கு நுனியில் கரி. கையில் திருப்புளி.

“டெய்லரம்மா, கையில வேலை இருக்கா?”

“இருந்தா மட்டும் விட்டுடப் போறியா? விஷயத்தைச் சொல்லு.”

“அடுப்பைப் பிரிக்கப் போறேன். மேல்தகட்டை ஒருத்தர் தாங்கிப் பிடிச்சாத்தான் பக்கத்துக் கல்லை உருவ முடியும். தனியா ஆகாது.”

“உன் வீட்டுக்காரர் எங்க?”

“மீட்டர் பாக்கப் போயிட்டார். அவர் இருந்தா தொட விட மாட்டாரே. அடுப்பு வேலை அவரோட வேலையாம். புகையில மூஞ்சியைக் காட்டறது மட்டும்தான் என் வேலை.”

டீயைக் குடித்துவிட்டுப் போனேன். அவள் வீட்டு முன்னறையில் அடுப்பு ஆறிக் கிடந்தது. நான்கு காலில் நிற்கிற இரும்பு அடுப்பு. முன்னால் கண்ணாடிக் கதவு, பின்னால் சுவரோரமாக மேலே போகிற புகைக்குழாய். கதவுக் கண்ணாடி தார் பூசினதுபோல் இருந்தது. பக்கத்தில் விறகு அடுக்கி வைத்திருந்தாள். அதிலிருந்து இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டினாள். கணீரென்று சத்தம் வந்தது.

“கேட்டீங்களா? நல்லாக் காஞ்சது. ஈரமா இருந்தா சொத்துனு விழும். புது விறகுக்காரன்கிட்ட ஒவ்வொண்ணா தட்டிப் பாத்துத்தான் இறக்கினேன், அவன் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னான். இவ்வளவு காஞ்சதைப் போட்டாலும் புகையுது. இவருகிட்ட கேட்டா, இந்தக் காலத்துல எல்லாருமே ஈர விறகுதான் விக்கறாங்கங்கறார். சத்தம் பொய் சொல்லுமா? அப்போ கோளாறு அடுப்புலதான்.”

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஜாதி இல்லை.

“அப்ப உன் தம்பி போட்ட விறகையும் இப்படித் தட்டிப் பாத்தியா?”

அவள் என்னை முறைத்தாள்.

“என்ன பேச்சு பேசறீங்க? சொந்த விறகை யாராவது தட்டுவாங்களா? வெளியாள்கிட்ட வாங்கறதைத்தான் தட்டறது. எங்க அப்பா எடுத்துக் குடுத்த விறகை எங்க அத்தைங்க, சித்திங்க யாரும் தட்ட மாட்டாங்க. தட்டினா, உன்னை நம்பலைன்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி. நான் தட்டியிருந்தேன்னா எங்க அப்பா என் மண்டையைத் தட்டியிருப்பார்.”

விறகுக்காரர்கள் வீட்டு மரியாதை அது. எனக்கு என்ன தெரியும், நான் என் தங்கை தைத்துக் கொடுத்தாலும் தையலைப் பிரித்துப் பார்க்கிறவள். நான் பேச்சை விட்டுவிட்டேன். ஆனால் மனசு அந்த நாளுக்குப் போய்விட்டது.

அந்த முந்தின குளிரில்தான் கட்டைக்குப் பிள்ளை பிறந்தது. அவன் மனைவிக்குத் தாய் இல்லை. சுள்ளி தம்பி வீட்டிலேயே போய்த் தங்கி, பிள்ளையைக் குளிப்பாட்டி, தாய்க்குச் சமைத்துப் போட்டு, மாதம் முடிந்துதான் திரும்பினாள். வந்து பார்த்தால் மீட்டர்காரர் அடுப்பைப் பிரித்துச் சுத்தம் செய்து, வெளியே கறுப்பு மெழுகு போட்டுப் பளபளவென்று வைத்திருந்தார். அவள் தெரு முழுக்கச் சொல்லித் தீர்த்தாள். “எங்க வீட்டுக்காரர் சொல்லாமலே செஞ்சு வெச்சிருக்கார்.” என்னிடம் மட்டும் மூன்று தரம் சொல்லியிருப்பாள். அந்த வாரமே புகைய ஆரம்பித்தது. விறகு ஈரம் என்றார் மீட்டர்காரர். அடுத்த நாளும் ஈரம் என்றார். கட்டை அடுத்த வண்டியைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருக்கும்போது, தெருவே வேடிக்கை பார்க்க, “கூடப் பொறந்தவ வீட்டுக்கே ஈரத்தைப் போடறியே, நீ உருப்படுவியா?” என்று கத்தினார். கட்டை சுள்ளியைப் பார்த்தான். சுள்ளி வாசலில் நின்று, “ஏண்டா, பிள்ளைப்பேறு பாத்தவளுக்குப் போயா இப்படிப் பண்ணுவே?” என்றாள்.

அவன் இறக்கின விறகை மறுபடி வண்டியில் ஏற்ற ஆரம்பித்தான். ஒவ்வொரு துண்டாக, அப்படி ஒரு நிதானம். எடுத்தோமா போட்டோமா போனோமா என்று இல்லாமல் இவன் ஏன் இப்படி இழுக்கிறான் என்று எனக்கே எரிச்சலாக வந்தது. ஏற்றி முடித்துக் கயிறு கட்டிப் போனவன்தான், பிறகு இந்தத் தெருப்பக்கமே வரவில்லை. சொந்த அக்காவையே ஏமாற்றினவன் நமக்கு என்ன போடுவான் என்று தெருவில் ஒவ்வொருவராக வேறு ஆளிடம் போனார்கள். அவன் கடை படுத்துவிட்டது.

“டெய்லரம்மா, தூங்கிட்டீங்களா? பிடிங்க.”

சுள்ளி வேலையில் இறங்கிவிட்டாள். தரையில் பழைய செய்தித்தாளை விரித்திருந்தாள். சாம்பல் டிரேயை உருவி வெளியே வைத்தாள். தீ எரிகிற கம்பிச் சட்டத்தை நெம்பித் தூக்கினாள். அது கிரீச்சென்று முனகிக்கொண்டு வந்தது. பிறகு முழங்காலை ஊன்றி, தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டாள்.

அந்த அடுப்பின் உள்விவரத்தை அன்றுதான் நான் பார்த்தேன். மூன்று பக்கமும் சூட்டைத் தாங்குகிற தீக்கல் பதித்திருக்கிறது. இரண்டு பக்கக் கல்லின் தலையில் ஒரு கனமான வார்ப்பிரும்புத் தகடு சாய்வாக உட்கார்ந்திருக்கிறது. தீயும் புகையும் நேராகக் குழாய்க்கு ஓடிவிடாமல், அந்தத் தகட்டில் முட்டி முன்பக்கமாக வளைந்து, அறைக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டு மேலே போக வேண்டும். அதற்குத் தகட்டின் முன்விளிம்புக்கும் அடுப்புக் கூரைக்கும் நடுவே கையளவு இடம் வேண்டும். இதையெல்லாம் சுள்ளி உள்ளே தலையை விட்டபடியே சொன்னாள். பாதி புரிந்தது, பாதி அடுப்புக்குள்ளேயே போய்விட்டது.

“இடமே இல்லை டெய்லரம்மா. விரல்தான் போகுது. தகடு மேல போய் ஒட்டிக்கிட்டு இருக்கு. புகை எந்த வழியாத்தான் போகும்? நீங்க ரெண்டு கையாலயும் தாங்குங்க. நான் கல்லை உருவறேன்.”

தாங்கினேன். நான் நினைத்ததைவிடக் கனம். அவள் வலதுபக்கக் கல்லை ஆட்டி ஆட்டி உருவினாள், பிறகு இடதுபக்கம். “மெதுவா ஒருபக்கமா சாய்ங்க. சாய்ச்சுக் குறுக்கால இழுங்க.” தகடு கதவு வழியாக வெளியே வந்து செய்தித்தாளில் உட்கார்ந்தது. நடுவில் தொய்ந்து, விளிம்பு மேலே வளைந்து, ஒரு விரிசலும் விட்டிருந்தது. மட்டமில்லாமல் ஆடியது.

“அடப்பாவமே, வளைஞ்சு போயிருக்கே. இதுதான் காரணம். நல்லவேளை கண்டுபிடிச்சே” என்றேன் நான், பெரிய அதிகாரி மாதிரி.

சுள்ளி பிரஷ்ஷால் தகட்டின் கரியைத் தள்ளினாள். ஒரு மூலையைத் தடவினாள். பிறகு அடுத்த மூலை. தகட்டைச் சுற்றித் தவழ்ந்தே போய் நான்கு மூலையையும் தடவினாள். அப்புறம் திருப்பிப் போட்டுவிட்டு மறுபடியும் தடவினாள்.

“என்னடி தேடறே?”

“கடிச்ச மூலை எங்க?”

எனக்குச் சட்டென்று நினைவு வந்தது. இந்த அடுப்பை மாட்டின அன்று கட்டைதான் தூக்கி வந்தான். வாசற்படியில் தகடு கைநழுவி விழுந்து ஒரு மூலை கட்டைவிரல் அளவுக்குத் தெறித்துவிட்டது. மீட்டர்காரர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். சுள்ளிதான் சமாதானம் செய்து, “போகட்டும் விடுங்க, பிஸ்கட்னு நெனச்சு என் தம்பி கடிச்சுட்டான்” என்று சிரித்தாள். அதிலிருந்து அது கடித்த தகடு. அடுப்பைத் துடைக்கும்போதெல்லாம் அவள் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

இந்தத் தகட்டில் நான்கு மூலையும் முழுசாக இருந்தன.

“டெய்லரம்மா, ஒடைஞ்ச மூலை வளருமா?”

அவள் எழுந்து கையைத் துடைத்தாள். கரி போகவில்லை, துணிதான் கறுத்தது.

“இது எங்க தகடு இல்லை. இதே அச்சு அடுப்பு இந்த ஊர்ல இன்னொண்ணுதான் எனக்குத் தெரிஞ்சு இருக்கு. ரெண்டையும் ஒண்ணாத்தான் வாங்கினாங்க. செருப்பைப் போடுங்க, போகலாம்.”

இன்னொரு அடுப்பு அவள் நாத்தனார் வீட்டில் இருந்தது. மீட்டர்காரருக்கு மூத்தவள். தனிக்கட்டை. செருப்புக் கடைக்கு மேலே மாடியில் குடியிருக்கிறாள். மூட்டுவலியில் படி இறங்கவே யோசிக்கிறவள். ஒரு காலத்தில் சுள்ளிக்கும் அவளுக்கும் ஆகவே ஆகாது. ஆனால் அந்த முந்தின குளிரிலிருந்து என்ன மாயமோ, நாத்தனார் உருகிப்போனாள். கம்பளிக் கையுறை பின்னிக் கொடுத்தனுப்புவாள், சூப் வைத்தால் பாத்திரத்தோடு வரும். “கிழவிக்குக் கடைசிக் காலத்துல புத்தி வந்துடுச்சு போல” என்று நானும் சுள்ளியும் சிரித்திருக்கிறோம்.

மாடிக் கதவைத் திறந்ததுமே சூடு முகத்தில் அடித்தது. அறை அவ்வளவு இதம். அடுப்புக் கண்ணாடி துடைத்த மாதிரி இருந்தது, உள்ளே தீ ஒழுங்காக, மஞ்சளாக எரிந்தது. என் அறையில் நான் விரலில் ஊதி ஊதித் தைப்பதை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது.

“வாம்மா, வா. டெய்லரம்மாவும் வந்திருக்கீங்களா? என்னடி இது, கையெல்லாம் கரி?” நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“அடுப்பைப் பிரிச்சேன் அண்ணி. உங்க அடுப்பு எப்படி எரியுதுன்னு பாக்க வந்தேன்.”

நாத்தனார் முகம் கனிந்துவிட்டது. சுள்ளியின் கரிக்கையையே பிடித்துக்கொண்டாள்.

“நீயே கேட்டுட்டே, இனிமே சொன்னாத் தப்பில்லை. தீ மூட்டும்போதெல்லாம் உன்னைத்தான் நெனச்சுக்குவேன். எனக்கு நிமோனியா வந்து கெடந்தேனே, அப்ப உன் வீட்டுக்காரன் இங்கயே தங்கி, அறை சூடாகட்டும்னு நிலக்கரியைப் போட்டு எரிச்சுட்டான். விறகு அடுப்பு அதைத் தாங்குமா? தகடு பழுத்து வளைஞ்சே போச்சு. அடுப்பு வாங்கின வார்ப்படக் கடையும் மூடிட்டாங்க, வேற எங்கயும் கெடைக்கலை. அப்பத்தான் வந்து சொன்னான், ‘எங்க வீட்டுத் தகட்டைக் குடுக்கச் சொல்லி சுள்ளியே சொல்லிட்டா. வளைஞ்சதை வெச்சு நாங்க எப்படியாவது சமாளிச்சுக்குவோம்’னு. நான் வேண்டாம்னேன். கேக்கலை. நீ உன் தம்பி வீட்டுல இருந்தியே அப்ப, நான்தான் ரிக்‌ஷாவுல வந்து உங்க வீட்டுல தகட்டைத் தாங்கிப் பிடிச்சேன். ‘இதைப் பத்தி அவகிட்டப் பேசிடாதே, நன்றி சொன்னா அவளுக்குப் பிடிக்காது’ன்னான். அதான் வாயைத் திறக்கலை. உன் மனசு யாருக்கு வரும், சொல்லு?”

சுள்ளி அந்தக் கையை உதறுவாள் என்று நினைத்தேன். உதறவில்லை.

“மூலை ஒடைஞ்சிருக்குமே அண்ணி அதுல?”

“ஆமா, ஒரு மூலை இல்லை. ஆனா அதனால ஒண்ணும் கெட்டுப்போகலை. ஜோரா எரியுது.”

“எரியட்டும் அண்ணி” என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். “என்ன மனுஷன்! என்ன நெஞ்சழுத்தம்!” அவள் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. வீட்டில் நுழைந்தபோது மீட்டர்காரர் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். செய்தித்தாளில் கம்பிச் சட்டம், கல், தகடு எல்லாம் கிடக்க, தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். போயிருக்கலாம். போகவில்லை.

“யாரைக் கேட்டு அடுப்பைப் பிரிச்சே?” என்றார்.

“யாரைக் கேட்டுத் தகட்டை மாத்துனீங்க?”

அவர் என்னைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“அக்கா வீட்டுக்குப் போயிட்டு வர்றியா?”

“ஆமா. நான் பெரிய தர்மவதியாம். நீங்க சொல்லியிருக்கீங்க.”

“நோவுல கெடந்தவடி. குளிர்ல செத்துப் போகட்டும்னு விடச் சொல்றியா? உன்கிட்டக் கேட்டா நீ குடுத்திருக்க மாட்டே.”

“கேட்டுப் பாத்தீங்களா?”

அவர் தொப்பியை எடுத்து மறுபடி மேசையில் வைத்தார்.

“கேட்டிருந்தா திட்டியிருப்பேன். ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருப்பேன். அப்புறம் நானே போய் மாட்டிட்டு வந்திருப்பேன். என்னைத் தெரியாதா உங்களுக்கு? சரி, தகட்டை விடுங்க. எங்க தம்பி என்ன பண்ணினான்?”

“அவனைக் கேவலப்படுத்தணும்னு நான் நெனக்கலை. புகையுது புகையுதுன்னு நீ கேட்டுக்கிட்டே இருந்தே. ஏதாவது சொல்லணுமேன்னு விறகு ஈரம்னேன். வாயில வந்துடுச்சு. அப்புறம் அதையே சொல்லிட்டு இருக்க வேண்டியதாப் போச்சு.”

“தெருவுல நிக்க வெச்சுக் கத்துனதும் வாயில வந்ததுதானா?”

“இப்ப என்ன பண்ணணுங்கறே? அக்காகிட்டப் போய்த் தகட்டைக் கழட்டிட்டு வரட்டுமா?”

“அண்ணி வீட்டு அடுப்பைத் தொட்டீங்கன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன். அவங்க என்ன பாவம் பண்ணினாங்க?” கரிக்கையாலேயே மூக்கைத் துடைத்தாள். “நான் உங்களைத் தெரு முழுக்கப் பெருமையாச் சொன்னேங்க. சொல்லாமலே அடுப்பைச் சுத்தம் பண்ணி வெச்சிருக்கார்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். நீங்களும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?”

சட்டியில் வேகவைத்த உருளைக்கிழங்கும் ரொட்டியும் மூடி வைத்திருந்தது. அவர் அதை எடுத்துப் போட்டுக்கொள்ளவும் இல்லை, உட்காரவும் இல்லை. தண்ணீர் ஓடாத வீட்டு மீட்டரைப் பார்ப்பதுபோல அந்தத் தகட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். சுள்ளி சால்வையை எடுத்துத் தலையோடு சுற்றிக்கொண்டு என்னைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

கட்டையின் விறகுக்கடை ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. முன்பெல்லாம் கேட்டிலிருந்தே விறகு அடுக்கு ஆரம்பித்துவிடும். இப்போது பாதி இடம் வெறும் மண். மீதி அடுக்குகளைத் தார்ப்பாய் போட்டு, தரையில் படாமல் அடியில் பலகை கொடுத்து, காற்றுப் போக இடம் விட்டு ஒழுங்காக வைத்திருந்தான். அவன் கோடரியால் உருளையைப் பிளந்துகொண்டிருந்தான். வெட்டுப்பட்ட மர வாசனை அந்தக் குளிரிலும் மூக்கில் ஏறியது. அவன் காலுக்குப் பின்னால் ஒரு பையன், குல்லாவும் மூக்குச்சளியுமாக நின்று எங்களைப் பார்த்தான்.

சுள்ளி பையனைப் பார்த்துக் கையை நீட்டினாள். முதல் குளியல் செய்வித்த கை அது. பையனுக்கு அது தெரியுமா? கரியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் ஓடிப்போனான்.

“வாக்கா” என்றான் கட்டை. அவ்வளவுதான். கோடரியைக் கீழே வைக்கவில்லை.

சுள்ளி நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டினாள். நிலக்கரி, நாத்தனார், தகடு, மீட்டர்காரர் வாயில் வந்தது. மூச்சு முட்ட முட்டச் சொன்னாள். அவன் ஒரு உருளையை நிறுத்தி வைத்தான், பிளந்தான், துண்டுகளை அடுக்கில் போட்டான். கேட்கிறானா இல்லையா என்றே தெரியவில்லை.

“விறகுல தப்பே இல்லைடா. தகடுதான். நம்ம தகடே இல்லை அது. மூலை முழுசா இருக்கு.”

“தெரியும்க்கா.”

“என்ன தெரியும்?”

“நீ புகையுதுன்னு சொல்லிவிட்டியே முதல்ல, அப்பவே ஒருநாள் வந்தேன். நீ கடைக்குப் போயிருந்தே. கதவைத் திறந்து கையை விட்டுப் பாத்தேன். மூலை இருந்துச்சு. மாமா செஞ்ச வேலைன்னு புரிஞ்சுபோச்சு.”

சுள்ளிக்கு வார்த்தை வரவில்லை. எனக்கே வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

“தெரிஞ்சுமாடா வாயை மூடிட்டு இருந்தே? அவர் அப்படிக் கத்தும்போது சொல்லியிருக்கலாமே! தெருவே நின்னுச்சே!”

“சொன்னா மாமா பொய்யர்னு ஆகும். நீ அந்த வீட்டுலதானே இருக்கணும்? சரி, அது கெடக்கட்டும்.” அவன் இப்போதுதான் கோடரியை மரத்தில் கொத்தி நிறுத்தினான். “அவர் கத்தினது எனக்குப் பெருசா இல்லைக்கா. அவர் யாரு, வந்த மனுஷன். நீ ஒரு வார்த்தை கேப்பேன்னு பாத்தேன். ‘என்னடா கட்டை, நிஜமாவே ஈரமா?’ன்னு. இல்லைன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். அதுக்காகத்தான் விறகை ஒவ்வொண்ணா ஏத்தினேன். எவ்வளவு மெதுவா ஏத்த முடியுமோ அவ்வளவு மெதுவா ஏத்தினேன். இப்ப வருவே, இப்ப வருவேன்னு. வண்டி நெறைஞ்சுபோச்சு, நீ வரலை.”

“நான் சந்தேகப்பட்டுத் தட்டிப் பாக்கக்கூட இல்லையேடா” என்று அழுதாள் சுள்ளி. “நம்ம வீட்டு விறகைத் தட்டக் கூடாதுன்னுதானே அப்பா சொல்லிக் குடுத்தார்? ஒரு துண்டைக்கூட நான் தட்டலை.”

“தட்டாம இருந்தே. அது எனக்குக் குடுத்த மரியாதை. தட்டாமலே ஈரம்னு சொன்னியே, அது என்னக்கா?”

அவன் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், சண்டை போட்டு, அழுது, கடைசியில் டீ குடித்துவிட்டு வந்திருப்போம். சுள்ளி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். சால்வை நுனியை வாயில் அடைத்துக்கொண்டாள். எனக்கு மீட்டர்காரர் மேல் வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் ஏமாற்றினார், சரி. இவள் ஏமாந்தாள் என்று மட்டும் சொல்லிவிட முடியுமா?

கட்டைதான் மறுபடியும் பேசினான்.

“அந்த வளைஞ்ச தகட்டைத் தூக்கிப் போட்டுடாதே. தலைகீழாத் திருப்பி மாட்டு. தொய்வு மேல வந்துடும், முன்விளிம்பு கீழ எறங்கும், புகைக்கு வழி கெடைக்கும். முதல்ல தகட்டைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அப்புறம் பக்கத்துக் கல்லை உள்ள தள்ளணும். டெய்லரம்மா பிடிப்பாங்க. இன்னும் ஒண்ணு ரெண்டு குளிருக்கு ஓடும்.”

சுள்ளி கண்ணைத் துடைத்தாள். கரி கன்னமெல்லாம் இழுபட்டது. அந்த முகத்தில் ஒரு நம்பிக்கை வந்ததை நான் பார்த்தேன்.

“ஒரு வண்டி விறகு போடுடா. இன்னைக்கே. நம்ம தெருவுல எல்லாரும் பாக்க நீயே வந்து இறக்கு. நான் வாசல்ல நின்னு சொல்றேன், என் தம்பி விறகுல ஒரு குத்தமும் இல்லைன்னு. எல்லார்கிட்டயும் சொல்றேன்.”

அவன் தார்ப்பாயைத் தூக்கி உள்ளடுக்கிலிருந்து இரண்டு துண்டு எடுத்தான். இரண்டையும் அவளிடம் நீட்டினான்.

“தட்டிப் பாத்து எடுத்துக்கோ.”

“வேண்டாண்டா.”

“எல்லாரும் தட்டிப் பாத்துத்தான் எடுக்கறாங்கக்கா.”

“நான் எல்லாருமாடா?”

அவன் நீட்டின கையை இழுத்துக்கொள்ளவில்லை. பின்னால் ரயில் ஒன்று போயிற்று. அது போய் முடிகிற வரைக்கும் அவன் அப்படியே நின்றான். சுள்ளி அந்த இரண்டு துண்டையும் வாங்கினாள். ஒன்றோடொன்று தட்டினாள். காலையில் நான் கேட்டதைவிடத் தெளிவாக, கணீரென்று கேட்டது.

கட்டை தலையை ஆட்டிக்கொண்டான். தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த வண்டிக்காரரைக் கூப்பிட்டான். அவர் எழுந்து வந்ததும், வருகிறவர்களிடமெல்லாம் கேட்பதுபோலவே இவளிடமும் கேட்டான்.

“எந்தத் தெருவுல இறக்கணும்?”

சுள்ளி தெருப் பெயரைச் சொன்னாள். வண்டிக்காரர் வீட்டு நம்பரைக் கேட்டார். அதையும் சொன்னாள்.